மண்சரிவுக்கு இந்தப் பக்கம்

பெண் பார்க்கப் போன அன்று, தலவாக்கலையில் அவர்கள் வீட்டு முன்னறையில், என் மனைவியாகப் போகிறவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"கப்பல்ல நீங்க என்ன வேல செய்றீங்க?"

"பார்ப்பேன்" என்றேன்.

"என்னத்த?"

"கடல. எதிர்ல வர்ற கப்பல. ரேடார. மறுபடியும் கடல."

"அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். விளங்காத ஒன்றை விளங்கியதுபோலத் தலையாட்டி விட்டுவிடும் பழக்கம் அவளுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. மதியம் ஒரு முறையும் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு முறையும் கப்பலை ஓட்டும் பொறுப்பு என் கைக்கு வரும். அந்த நேரத்தைத்தான் நாங்கள் வாட்ச் என்போம். கப்பலின் உச்சியில் கண்ணாடி போட்ட அறை ஒன்று இருக்கிறது. அங்கே நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையின் கஷ்டம். மனது மெல்ல நழுவி வீட்டுக்குப் போய்விடும். பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு ஏறும் வளைவுகளில் பஸ்ஸோடு பஸ்ஸாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து மறுபடியும் கடலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் எங்கள் கப்டனைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர், வேறு நாட்டுக்காரர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஒரு நீரிணைக்குள் நுழையும்போது திடீரென்று பனிமூட்டம் கவிந்துவிட்டது. எதிரில் பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது. அறையில் இருந்த எங்கள் எல்லார் கண்ணும் ரேடாரில் அந்த ஒரு புள்ளியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவர் தலையை நிமிர்த்தி, எங்களைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்: "நான் பார்க்காதது என்ன?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் ரேடாரின் மறுபக்கத்தைப் பார்த்தேன். மீன்பிடிப் படகுகள் ஒரு கூட்டமாக நின்றன. நான் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்கு உறுதியாக வேண்டும் என்பதற்காக அப்படித் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். வேகத்தைக் குறைத்தார். எண்ணெய்க் கப்பல் தூரத்தில் கடந்து போனது, படகுகளும் போயின. பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவளுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. வீட்டுச் சாவியைத் தேடும்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான் பாக்காதது என்ன?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். குழம்பில் ருசி குறைந்தால் கேட்பாள். வகுப்பில் கணக்குப் பிழைத்த பிள்ளைகளிடமும் கேட்கிறாளாம். "எங்க டீச்சர் எதையோ தொலச்சிட்டு எங்ககிட்ட கேக்குறாங்க" என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது.

லீவில் நான் வீட்டில் இருக்கும் மாதங்களில் கடைவீதிக்குப் போவதென்றால் என் கூட்டாளியின் ஆட்டோவில்தான் போவோம். நானும் அவனும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எங்கள் ரோட்டில் பனி இறங்கினால் ஆட்டோவின் முன்சில்லுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த மாதிரி நாட்களில் நாங்கள் மூவரும் கப்பல் விளையாட்டு விளையாடுவோம். பின்சீட்டில் அவள் கப்டன். நான் பார்ப்பவன். கூட்டாளி சுக்கான் பிடிப்பவன்.

"எதிர்ல பஸ்!" என்பேன்.

"எதிர்ல பஸ், தெரியுது!" என்பான் அவன்.

"எடது பக்கம் நாய் ரெண்டு!"

"நாய் ரெண்டு, எடது பக்கம், தெரியுது!"

"வேகத்தக் கொறைங்க அண்ணே, கப்டன் சொல்றேன்" என்பாள் இவள்.

சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் முதல் பிள்ளைக்கு அவள் மாசமாக இருந்தபோது, பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு லீவு வாங்கி வந்தேன். கப்பலில் இருந்து வந்த புதிதில் எனக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். வாட்ச் நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். நான் போய்க் கதவைத் திறந்து இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, "ஒண்ணும் வரல, வந்து படுங்க" என்பாள்.

அது மழைக்காலம். நாட்கணக்கில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. டொக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்ததால் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே போய்த் தங்கவில்லை. ஒரு காலையில், என் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகக் கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவள் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க. வலிக்குது. நேத்து மாதிரி இல்ல."

அம்மா கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு அவளிடம் ஓடினாள். நான் கூட்டாளிக்குப் போன் போட்டேன். அவன் சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பெரிய ஆஸ்பத்திரி ஹட்டன் பக்கம் இருக்கிறது. பின்சீட்டில் நடுவில் அவள், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். மழை, பனி, ரோட்டில் ஓடும் செம்மண் தண்ணீர். அன்று யாரும் விளையாடவில்லை. ஆனால் என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. எதிரில் லாரி. வலது பக்கம் கல். அவனும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் என் கையை நெரித்துப் பிடித்திருந்தாள். வலி வரும்போது இறுகும், போகும்போது தளரும்.

தோட்டத்து எல்லையைத் தாண்டி இரண்டு வளைவு இறங்கியதும் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது.

மேலே இருந்த மேடு பாதியாகப் பிய்ந்து விழுந்திருந்தது. ஒரு டர்பன்டைன் மரம் வேரோடு குறுக்கே சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது, இந்தப் பக்கம் இரண்டு வேன்கள். பள்ளத்து ஓரமாக மட்டும், மரத்தின் நுனிக்கும் ரோட்டு விளிம்புக்கும் நடுவே, ஒரு ஆட்டோ போகும் அளவுக்கு இடம் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மோட்டார் சைக்கிள் அந்த வழியாக இந்தப் பக்கம் வந்தது. அதை ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்து, "ஹெமின் யன்ன, மல்லி" என்றார். தம்பி, மெதுவாகப் போங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"போயிரலாம் மச்சான்" என்றான் கூட்டாளி. "ஓரத்துல புடிச்சா போயிரலாம்."

"போ" என்றேன்.

எனக்கு அந்த இடைவெளியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. அதன் அகலம் எவ்வளவு, சில்லு எங்கே போகும், எந்த நொடியில் திருப்ப வேண்டும் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மிகத் தெளிவாக யோசிப்பதாகவே நினைத்தேன்.

அவன் கியரைப் போட்டான்.

"நில்லுங்க அண்ணே" என்றாள் அவள்.

"ஒண்ணும் ஆகாதும்மா, பயப்புடாத" என்றேன்.

"நான் பயந்து சொல்லல." அடுத்த வலி வந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "அந்த எடத்துல இருந்து கண்ண எடுங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா தெரியுது. நீங்க அத மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

நான் கண்ணை எடுத்தேன். அது அவ்வளவு சுலபமாக இல்லை. தலையைத் திருப்பினேன். மேலே மேட்டில் மண் இன்னும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு வெடிப்பில் தண்ணீர் கலங்கலாக ஒழுகியது. அதற்கு மேலே இன்னொரு மரம் ரோட்டை எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்து நின்றது. இவ்வளவு நேரமும் அது அங்கேதான் நின்றிருக்கிறது. கீழே ரோட்டு விளிம்புக்கு அடியில் மண் இருக்கிறதா, வெறும் கொன்கிரீட் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஒற்றை ஆள். நாங்கள் நான்கு பேர். நான்கா, ஐந்தா.

"மேல இன்னொரு மரம் சாஞ்சி நிக்குது" என்றேன்.

"மேல மரம், தெரியுது" என்றான் கூட்டாளி. அவன் குரல் மாறியிருந்தது.

"ரோட்டுக்கு அடியில மண்ணு இருக்கான்னு தெரியல."

"தெரியல" என்றான் அவனும்.

அவள் வலி போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "மிட்வைப் மிஸ் இந்த மழைக்கு ஊருக்குப் போகல. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல கோட்டர்ஸ்லதான் இருக்காங்க. நேத்து சாயந்தரம் வெளக்கு எரிஞ்சத நான் பாத்தேன்."

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது என்னைப் பார்த்து, "திருப்பச் சொல்லுய்யா" என்றாள்.

திருப்பினோம். ஆஸ்பத்திரியை விட்டு எதிர்த்திசையில் போக எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. உடம்பு முழுவதும் முன்னால் போகச் சொல்லிக் கத்தியது.

பிரசவம் பார்க்கும் மிட்வைப் மிஸ் சிங்களப் பெண். எங்கள் தோட்டத்துக்கு வந்து எங்கள் தமிழையே பேசப் பழகியவர். அவளை டிஸ்பென்சரிக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "மொதப் புள்ள தானே, இன்னும் டைம் இருக்கு. பிள்ளையும் நல்லா இருக்கு. எங்கயும் ஓட வேணாம்." அதற்குள்ளேயே அம்புலன்சுக்குப் போன் செய்திருந்தார். மண்ணை அள்ள மெஷின் வந்துகொண்டிருக்கிறது, ரோடு திறந்ததும் அம்புலன்ஸ் இங்கேயே வரும், திறக்காவிட்டால் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியை அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

காத்திருந்தோம். டிஸ்பென்சரி விறாந்தையில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தாள். கூட்டாளி ரோட்டைப் பார்த்து வரப் போனான். திரும்பி வந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ஆனால் அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

"மச்சான், நாம வந்தப்புறம் ரெண்டு ஆட்டோ போயிருக்கு. ஒண்ணும் ஆகல. மரமும் விழல. போயிருக்கலாம் போல இருக்கே."

போயிருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருப்போம். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது.

"அவங்க போனாங்க, நல்லபடியா போயிட்டாங்க. நல்லதுதானே" என்றாள்.

"அப்ப நாம செஞ்சது பிழையா?"

"ஏங்க, நம்ம நின்னப்ப அது விழுமா விழாதான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்ப தெரியுது. இப்ப தெரிஞ்சத வச்சி அப்ப செஞ்சதத் திட்டக் கூடாது." வலி வந்தது. என் தோளில் நகம் பதிந்தது. அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "பிள்ளைங்க சில நேரம் குருட்டாம்போக்குல சரியான விடைய எழுதிரும். அதுக்கு நான் சரி போடுவேன். ஆனா கணக்குத் தெரியும்னு நெனைக்க மாட்டேன்."

பிள்ளை பெறப் போகிற நேரத்தில் இப்படி வாதாடுகிற ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கடலில் நாங்கள் தூரத்திலேயே கப்பலைத் திருப்பிவிடுவோம். எதிரில் வந்தவன் எங்கோ தள்ளிப் போய்விடுவான். இவ்வளவு திருப்பியிருக்கவே வேண்டாமோ என்று தோன்றும். நல்ல வாட்ச் என்பது பெரும்பாலும் அப்படித்தான் முடியும், யாருக்கும் சொல்ல ஒரு கதையும் இல்லாமல். வருஷக்கணக்கில் அதைச் செய்துவந்த எனக்கு, அந்த விறாந்தையில் அவள் சொன்ன பிறகுதான் அது முழுதாகப் பிடிபட்டது.

மதியத்துக்குப் பிறகு மெஷின் மண்ணை ஒதுக்கி வழிவிட்டது. அம்புலன்ஸ் வந்தது. மிட்வைப் மிஸ்ஸும் கூட ஏறிக்கொண்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் எங்கள் மகள் பிறந்தாள். கூட்டாளி ஆட்டோவில் பின்னாலேயே வந்திருந்தான். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது, "கப்டன் மாதிரியே மொறைக்குது மச்சான்" என்றான்.

மகள் குப்புற விழத் தொடங்கிய மாதத்தில் நான் மறுபடியும் கப்பலுக்குப் போனேன். இந்த முறை மனதைப் பிடித்து நிறுத்துவது முன்னைவிடப் பெரும்பாடாக இருந்தது. இப்போது கப்பல்களில் இன்டர்நெட் இருக்கிறது. வாட்சுக்குப் போகும் முன் ஒரு தடவை போனைப் பார்ப்பேன். அவள் படம் அனுப்பியிருப்பாள். மகள் காலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கால் கடல் முழுவதும் என்னோடு வரும்.

ஜப்பான் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள், மதிய வாட்சுக்கு ஏறும் முன், பாப்பா எப்படி என்று கேட்டு எழுதினேன். "எல்லாம் சரி. பாப்பா தூங்குறா" என்று பதில் வந்தது. வாட்ச் முடிந்து இறங்கியதும் அவளே கூப்பிட்டாள்.

"இப்ப சொல்லலாம். முந்தா நேத்து இருந்து காய்ச்சல். நேத்துல இருந்து ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. இப்ப காய்ச்சல் விட்டுருச்சி, துண்டு வெட்டி அனுப்பிட்டாங்க, வீட்டுக்கு வந்துட்டோம்."

"தூங்குறான்னு சொன்ன!"

"தூங்கினா தானே. ஆஸ்பத்திரிக் கட்டில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளோடு நான் கோபமாகப் பேசியது அபூர்வம். பார்த்ததை மறைக்கிறவனை எங்கள் வாட்ச் அறையில் வைத்திருக்க மாட்டோம் என்று சொன்னேன்.

"சரி, அது பிழைதான்" என்றாள். "மறைக்க மாட்டேன். ஆனா நீங்க ஒண்ணு சொல்லுங்க. ஒங்களுக்கு அப்பவே சொல்லியிருந்தா, மேல போயி கடலப் பாத்திருப்பீங்களா?"

நான் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"பாத்திருக்க மாட்டீங்க. அங்க எத்தன பேரு ஒங்கள நம்பிப் படுத்துக் கெடக்குறாங்க. அவங்களுக்கும் வீட்டுல பாப்பா இருக்குந்தானே."

"அப்ப என்ன செய்யலாம்? 'சொல்ல ஒண்ணு இருக்கு, அப்புறம் சொல்றேன்'னு போட்டா?"

"ஐயோ, அது இன்னும் மோசம்."

பிறகு அவள்தான் வழி சொன்னாள். இனி வாட்சுக்கு முந்திய நேரத்தில் இங்கிருந்து எதுவுமே வராது. நல்லதும் வராது, கெட்டதும் வராது, படமும் வராது. எப்போதும் அப்படித்தான் என்று ஆகிவிட்டால், ஒன்றும் வரவில்லையே என்று நான் பயப்பட வேண்டியதில்லை. இறங்கியதும் உள்ளது உள்ளபடி சொல்வாள். நான் கேட்டு முடிவு சொல்ல வேண்டிய விஷயமாக இருந்தால் மட்டும், எந்த நேரமானாலும் நேரே கப்டனுக்கே போன் போடுவாள்.

"அவருக்குத் தமிழ் தெரியாதே" என்றேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும். அவர விட நல்லாவே தெரியும்."

அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒப்பந்தம் நடக்கிறது. வாட்சுக்குப் போகும்போது போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போகிறேன். மனது வீட்டுக்கு ஓடாமல் இல்லை. ஓடினாலும் அங்கே எனக்காக யாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கவில்லை என்று தெரிந்து திரும்பி வந்துவிடுகிறது.

அன்று அந்தப் பேச்சு முடியும்போது அவள் குரல் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. டொக்டர் என்ன மருந்து கொடுத்தார் என்று நான் கேட்டதற்குப் பாதிப் பதில்தான் வந்தது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஊரில் மதிய நேரம். தகரத்தில் மழை விழும் சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ, மகள் தூக்கத்தில் சிணுங்குவது எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து போனை எடுத்தாள்.

"தூங்கிட்டாய்யா. வச்சிரவா?"

"வேணாம்மா. அப்பிடியே இருக்கட்டும்."

அம்மா போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கப்பலில் சாப்பாட்டு நேரமாகியிருந்தது. படியில் ஆட்கள் பேசிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது, ஒருவன் என் கதவைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டுப் போனான். நான் போகவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் தூங்குவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.